முள் எடுத்த ஓலை

கோனாவில் ஒரு தொப்பிக்குப் பேரம் பேசினேன். நடந்தது அவ்வளவுதான். யாரும் திட்டவில்லை, வெளியே போ என்று சொல்லவில்லை. இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேலாகியும், பீரோவில் எதையாவது தேடும்போது அந்த ஓலை வாசனை மூக்கில் பட்டால் காது சூடாகிவிடுகிறது. செய்தது தப்பா இல்லையா என்று எனக்கு நானே பல தடவை தீர்ப்புச் சொல்லி, பல தடவை மாற்றியும் ஆயிற்று. எழுதினாலாவது ஒரு பக்கமாக நிற்கிறதா என்று பார்க்கிறேன்.

தம்பி அப்போது ஹவாயின் பெரிய தீவில், வைமேயா என்ற ஊரில், வானாய்வகம் ஒன்றில் பொறியாளராக இருந்தான். அவன் மனைவிக்குப் பிரசவம். அம்மாவுக்கு முட்டி வலி, அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாது. அதனால் பூண்டுக் குழம்பு வைக்க நான் போனேன். ஐந்து வாரம். ஹவாய் என்றால் தென்னை மரமும் வெயிலும் என்று நினைத்துக்கொண்டு போனவளுக்கு வைமேயா ஊட்டி மாதிரி இருந்தது. தூறல், குளிர், கண்ணுக்கு எட்டிய வரை மாடு மேயும் புல்வெளி. வாரத்துக்கு ஒரு நாள் தம்பி என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டி கோனா பக்கம் கொண்டுபோவான். அங்கேதான் வெயிலும் கடலும் கடைகளும்.

கடைகள் என்றால் முதலில் கைலுவா-கோனாவின் கடலோரத் தெருக் கடைகள். சிப்பி மாலை, மர ஆமை, ஆடும் பொம்மை, எல்லாவற்றின் மேலும் 'அலோஹா'. ஒரு சிப்பி மாலையைத் திருப்பிப் பார்த்தேன், பிலிப்பைன்ஸில் செய்தது. தம்பி சிரித்தான். "அக்கா, இங்க எது உள்ளூர்ச் சரக்குன்னு தேட ஆரம்பிச்சா பைத்தியம்தான் பிடிக்கும்." அவன் சொன்னதில் பாதி உண்மை. ஹவாய்ச் சட்டை என்கிறோமே, ஆரம்பத்தில் அதைத் தைத்த துணியில் பாதி ஜப்பானிலிருந்து வந்த கிமோனோத் துணி. 'அலோஹா சட்டை' என்ற பெயரை 1930-களில் வணிகப் பெயராகப் பதிவு செய்தவர் எல்லரி சுன் என்ற ஹொனலுலு சீனக் கடைக்காரர். உகுலேலே 1879-ல் கப்பலில் வந்திறங்கிய போர்ச்சுகீசியத் தச்சர்கள் கொண்டுவந்த சின்ன கிதாரின் பேரன். அதனால் அங்கே 'அசல்' என்ற வார்த்தையை எடுக்கும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் எனக்கு அசலாக ஒன்று வேண்டும் என்று பிடிவாதம். அம்மாவுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமே.

தொப்பி

கைலுவாவிலிருந்து ஹுவலாலாய் எரிமலைச் சரிவில் ஏறினால் ஹோலுவலோவா. சுமார் 1,400 அடி உயரத்தில் ஒரே ஒரு குறுகலான தெரு, இரண்டு பக்கமும் காபித் தோட்டம். 1926-ல் கட்டிய கோனா ஹோட்டல் ஒன்று, மருந்து மாத்திரையின் இளஞ்சிவப்பில். பழைய கடைக் கட்டடங்களில் பாதி இப்போது ஓவியக்கூடங்கள். அந்தப் பக்கத்தில் ஒரு கடைக்குள் நுழைந்தோம். பெயர் வேண்டாம், ஏனென்றால் இந்தக் கதையில் அசடு வழிந்தவள் நான், கடை அல்ல.

உள்ளே நுழைந்ததும் அந்த வாசனை. காய்ந்த வைக்கோல், கொஞ்சம் தேன், கொஞ்சம் பழைய புத்தகம். சுவர் முழுக்க ஓலையில் பின்னிய பொருட்கள்: பாய், கூடை, கைவளை, விசிறி, மூக்குக் கண்ணாடி உறை, அப்புறம் தொப்பிகள். தேன் நிறத்திலிருந்து பழுப்பு வரை. ஒரு தொப்பியில் இரண்டு நிற ஓலையும் கலந்து, உச்சியிலிருந்து விளிம்பு வரை படிப்படியாகச் சதுரங்கள் விரிந்துகொண்டே போயின. கையில் எடுத்தேன். துணி மாதிரி வளைந்தது. விலைச் சீட்டு உள்ளே நூலில் தொங்கியது. 280 டாலர்.

என் வாய் என்னைக் கேட்காமலேயே திறந்தது. "கொஞ்சம் குறைச்சுக்க முடியுமா? 200 போட்டுக்குங்களேன்." தம்பி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கல்லாவில் இருந்த அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். முகம் மாறவில்லை. தொப்பியை என் கையிலிருந்து வாங்கி, உச்சியை என் பக்கம் திருப்பி, நடுவில் ஒரு விரலை வைத்தார். "இதுக்குப் பேரு பிகோ. தொப்புள். பின்னுறது இங்கருந்துதான் ஆரம்பிக்கும்." விரலை வளைத்து வளைத்து விளிம்பு வரை கொண்டுவந்தார். "இதைப் பின்னினவங்களுக்கு 81 வயசு. விலை அவங்க போட்டது. குறைக்கணும்னா அவங்களைத்தான் கேக்கணும். கேக்கட்டுமா?" சொல்லிக்கொண்டே தொலைபேசியின் மேல் கை வைத்தார்.

கிண்டலாகச் சொல்லியிருந்தால் நானும் சிரித்துத் தப்பித்திருப்பேன். அவர் கிண்டல் செய்யவில்லை. நான் சரி என்றால் உண்மையாகவே எண்ணைச் சுழற்றியிருப்பார். 81 வயதுக் கிழவி ஒருத்தி எங்கேயோ ஒரு வீட்டில் எழுந்து வந்து, போனை எடுத்து, இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண் எண்பது டாலர் குறைக்கச் சொல்கிறாள் என்று கேட்டிருப்பாள். "வேண்டாம் வேண்டாம், சும்மா கேட்டேன்" என்று உளறிவிட்டு வெளியே வந்தேன். தொப்பியும் வாங்கவில்லை. காரில் ஏறியதும் தம்பி, "இது என்ன மாயவரம் கடைத்தெருவா?" என்றான். பதில் சொல்லாமல் காபிச் செடிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

தாழை

அந்த ஓலை என்ன ஓலை என்று வீட்டுக்கு வந்துதான் தேடிப் பார்த்தேன். லவ்ஹாலா. 'லவ்' என்றால் இலை, 'ஹாலா' என்பது அந்த மரத்தின் பெயர். மரத்தின் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. விழுது மாதிரி ஊன்றிய கால்கள், சுருளாகச் சுற்றி ஏறும் நீள இலை, ஓரமெல்லாம் முள். நம் தாழை! அச்சு அசல் நம் ஊர் இனம் இல்லை, ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். ஆண் மரத்தின் பூவுக்கு அங்கே ஹீனானோ என்று பெயர். அதன் மகரந்தத்தை அந்தக் காலத்தில் காதல் வசியத்துக்குப் பயன்படுத்தினார்களாம். பூவைச் சுற்றியிருக்கும் வெள்ளை மடலைக் கிழித்து மிக மெல்லிய பாய் பின்னுவார்களாம். தாழம்பூ வைத்துப் பின்னிய சடையோடு ஸ்டூடியோவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட தலைமுறைக்கு வாசனை பற்றி வேறு விளக்கம் தேவையில்லை.

இன்னொன்றும் படித்தேன். 'ஹாலா' என்ற சொல்லுக்கு ஹவாய் மொழியில் வேறு அர்த்தங்களும் உண்டு. கடந்து போதல், தவறிப் போதல், தவறு, பாவம். அதனால் ஹாலாக் காய்களைக் கோர்த்த மாலையை ஒரு காரியம் தொடங்கப் போகிறவருக்குப் போடக்கூடாது என்று சிலர் பார்ப்பார்கள். ஆனால் வருஷம் முடியும்போது, ஒன்று முடிந்து இன்னொன்று பிறக்கிறது என்ற பொருளில், அதையே நல்லதாக எடுத்துக்கொள்வார்கள். பொய்ச் சாட்சி சொன்னதற்காகச் சிவபூஜையிலிருந்து தாழம்பூவைத் தள்ளி வைத்த கதையோடு வளர்ந்தவள் நான். ஒரே மரத்தின் தலையில், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத இரண்டு ஊர்கள் 'தவறு' என்று எழுதிவைத்திருப்பது எப்படி? எனக்கு விளங்கவில்லை. வேறு காரணமே வேண்டாம், அந்த முள் குத்திய கோபமாகக்கூட இருக்கலாம்.

அடுத்த வாரம் தம்பி என்னைப் புஊஹோனுவா ஓ ஹோனௌனௌவுக்குக் கூட்டிப்போனான். கோனாவுக்குத் தெற்கே, கடலை ஒட்டிய பழைய அடைக்கலத் தலம். ஹவாயில் முன்பு கபு என்ற விலக்கு விதிகள் இருந்தன. பெண்கள் வாழைப்பழமும் பன்றிக்கறியும் தின்னக்கூடாது, தலைவனின் நிழல் மேல் கால் படக்கூடாது. மீறினால் சாவு. ஆனால் மீறியவர் துரத்துபவர்களுக்கு முன்னால் ஓடியோ நீந்தியோ இந்த மதிலுக்குள் வந்துவிட்டால் பூசாரி சடங்கு செய்து மன்னித்து அனுப்பிவிடுவார். எரிமலைக் கல்லைச் சாந்தே இல்லாமல் அடுக்கிய மதில், சுமார் 12 அடி உயரம், 18 அடி அகலம். 1819-ல் இரண்டாம் கமேஹமேஹா பெண்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதோடு கபு முடிந்துபோனது. ஒரு சட்டத்தை ஒழிக்க ஒரு வேளைச் சாப்பாடு போதுமாக இருந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

"பேரம் பேசினவங்களுக்கும் இங்க மன்னிப்பு உண்டா கேளு" என்றான் தம்பி. அவனை முறைத்துவிட்டு நடந்தேன். தென்னை நிழலில் ஒரு மூதாட்டி உட்கார்ந்து ஓலை பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உட்காரு" என்றார். அங்கே பெரியவர்கள் எல்லோருமே ஆன்ட்டி, அங்கிள்தான். உறவுமுறை வைத்துக் கூப்பிடாமல் பேச வராத எனக்கு அது சௌகரியமாக இருந்தது. அரை மணி நேரம் பார்த்தேன். எழுந்தபோது, சனிக்கிழமை எங்கள் ஆட்கள் கூடிப் பின்னுவோம், வருகிறாயா என்று கேட்டார். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதை ஒரு நாள் தம்பி பார்த்துக்கொள்ளட்டும் என்று சரி சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை

பின்னக் கற்றுக்கொடுப்பார்கள் என்று நினைத்துப் போனேன். கொடுத்தது ஒரு வாளித் தண்ணீர், ஒரு கந்தல் துணி, ஒரு கட்டு காய்ந்த ஓலை.

மரத்திலிருந்து தானாகக் காய்ந்து விழுந்த ஓலை. ஒவ்வொன்றும் என் உயரத்துக்குச் சற்றுக் குறைவு. மேலே செம்மண்ணும் பல்லி எச்சமும். முதலில் அடியையும் நுனியையும் வெட்டிப் போட வேண்டும். அப்புறம் ஈரத்துணியால் இரண்டு பக்கமும் துடைக்க வேண்டும். அதற்கப்புறம் முள். ஓலையின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு வரிசை, அடிப்பக்கம் நடு நரம்பில் இன்னொரு வரிசை. ஓரத்தில் ஊசியால் ஒரு கீறல் போட்டு, முள்ளோடு சேர்த்து ஒரு நூல் அகலத்துக்கு ஓலை முழுக்க உரித்து எடுக்க வேண்டும். ஆன்ட்டி இழுத்தால் புடவைக் கரையிலிருந்து நூல் உருவுவது மாதிரி ஒரே இழுப்பில் வந்துவிடும். எனக்குப் பாதியில் அறுந்தது. அறுந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கினால் கோணலாகப் போய் நல்ல ஓலையையும் தின்றது. அடியிலிருந்து நுனிக்குத் தடவினால் வழவழவென்று போகும். அசந்து மறந்து எதிர்ப்பக்கம் தடவினால் தோலைக் கிழித்துவிடும். முதல் மணி நேரத்திலேயே என் கட்டை விரலில் மூன்று கீறல்.

முள் எடுத்த ஓலையைக் கத்தியின் மழுங்கிய பக்கத்தில் அழுத்தி முன்னும் பின்னும் இழுத்து இளக்க வேண்டும். சுருக்கம் போய் ரிப்பன் மாதிரி ஆனதும், ஒன்றன் மேல் ஒன்றாகப் பாய்ச் சுருள் போலச் சுற்றி வைப்பார்கள். இப்படிச் சுற்றியதற்குக் கூகாஅ என்று பெயர். பின்ன வேண்டிய அன்றைக்குச் சுருளைப் பிரித்து, ஒரே இடைவெளியில் கூர்முனைகள் பதித்த சின்னக் கருவியில் வைத்து இழுத்தால், ஓலை ஒரே அகல வார்களாகக் கிழியும். தொப்பி எவ்வளவு நயமோ வார் அவ்வளவு குறுகல். நான் கையில் வைத்துப் பார்த்த அந்தத் தொப்பியின் வார் ஒரு தீக்குச்சி அகலம்கூட இருக்காது. அதில் இருந்த இருநிறக் கட்டத்துக்கு ஆனோனி என்று பெயர் என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதைச் சாகாமல் காப்பாற்றிக் கற்றுக்கொடுத்தவர்களில் பெரிய பெயர் கிளாடிஸ் கிரேஸ். கோனாவில் பாட்டியிடம் கற்று, ஹொனலுலுவில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர். 2010-ல் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது வாங்கினார். அவர் தொடங்கிய குழுவின் பெயர் உலானா மே கா லோகோமைகாஇ. நல்ல மனத்தோடு பின்னு என்று பொருள் சொன்னார்கள். கோபமாக இருக்கும் நாளில் ஓலையைத் தொடாதே, இழுவை இறுகிவிடும் என்றார் ஆன்ட்டி. அது பக்தியாகச் சொன்னதா தொழிலாகச் சொன்னதா தெரியவில்லை. எப்படிச் சொன்னாலும் சரியாகத்தான் இருந்தது, நான் அன்று வெட்கத்தோடு பின்னியதெல்லாம் தொளதொளவென்று வந்தது.

மதியம் வரை ஐந்து ஓலை. ஐந்தே ஐந்து. ஆன்ட்டி அதற்குள் ஒரு சுருள் முடித்திருந்தார். மதியச் சோற்றுக்குப் பிறகு ஒரு கைவளைக்கு வார் எண்ணிக் கொடுத்தார். மேலே ஒன்று, கீழே ஒன்று, திருப்பு. பின்னுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. காலையில் செய்த வேலையோடு பார்த்தால் அது விளையாட்டு மாதிரி இருந்தது. அதைச் சொன்னேன். ஆன்ட்டி தலையாட்டினார். "எல்லாரும் பின்னக் கத்துக்கத்தான் வருவாங்க. முள்ளெடுக்கக் கத்துக்க யாரும் வர்றதில்லை."

அப்போதுதான் வாயைக் கொடுத்தேன். ஹோலுவலோவாக் கடையில் பேரம் பேசியதைச் சொன்னேன். பாவமன்னிப்புக் கேட்கிற மாதிரி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். சுற்றி உட்கார்ந்திருந்த நாலைந்து பெண்களும் கையை நிறுத்தினார்கள். ஆன்ட்டி மட்டும் நிறுத்தவில்லை. வாரைத் திருப்பிக்கொண்டே சிரித்தார்.

"கேட்டதுல என்ன தப்பு? எங்கம்மாவுக்குக் கேக்கத் தெரியாது. அதுதான் தப்பு."

அரிசியும் தொப்பியும்

அவர் சொன்ன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவருடைய அம்மா பகலெல்லாம் காபிக் கொல்லையில் வேலை செய்துவிட்டு, ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில் தொப்பி பின்னுவார். பிள்ளைகள் தூங்கும் முன் ஆளுக்கு இத்தனை ஓலை முள் எடுத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். வாரக் கடைசியில் தொப்பிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, கழுதை மேல் வைத்து, கடைக்குக் கொண்டுபோவார்கள். காசு கைக்கு வராது. கடைக்காரர் தொப்பியை எண்ணி நோட்டில் எழுதுவார். அந்தப் பக்கம் அரிசி, சோயா சாஸ், டப்பா மீன், மண்ணெண்ணெய், துணி. இந்தப் பக்கம் தொப்பி. "ஒரு தொப்பி என்ன விலைன்னு எங்கம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் எழுதினதுதான் விலை." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஆனா காபி விலை விழுந்த வருஷங்கள்ல அந்தக் கடைக்காரர் இல்லைன்னா நாங்க பட்டினி கிடந்திருப்போம். அதையும் சேத்துச் சொல்லணும்."

இது அவர் வீட்டுக் கதை மட்டும் இல்லை. கோனாவில் காபி போட்டவர்கள் பெரும்பாலும் கரும்புத் தோட்ட ஒப்பந்தத்திலிருந்து வெளியேறிய ஜப்பானியக் குடும்பங்கள். சின்னச் சின்னக் குத்தகை நிலம், வீட்டிலுள்ள எல்லோரும் உழைப்பு. பழம் பறிக்கக் கை போதாது என்று கோனாப் பள்ளிகளுக்கு விடுமுறையையே அறுவடைக் காலத்துக்கு மாற்றி வைத்திருந்தார்கள், 1932 முதல் 1969 வரை. 1930-களின் மந்தத்தில் காபி விலை படுத்தபோது, காய்ந்து விழுந்த ஓலைதான் பல வீடுகளில் அரிசியாக மாறியது. ஹோலுவலோவாவில் 1914-ல் தொடங்கிய கிமுரா குடும்பக் கடை அப்படித்தான். மளிகைக் கடையாக ஆரம்பித்து, மளிகைக்கு மாற்றாக வந்த தொப்பியையும் பாயையும் வாங்கி விற்று, கடைசியில் லவ்ஹாலாக் கடையாகவே ஆகிவிட்டது. (நான் அசடு வழிந்தது அங்கே இல்லை.) கேயலகேகுவா என்ற ஊர்ப் பக்கம் கிரீன்வெல் கடை என்று 1870-களில் கட்டிய கல் கட்டடம் ஒன்று இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். அந்தக் கால மளிகைக் கடையை அப்படியே அடுக்கி வைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமைகளில் பக்கத்திலேயே போர்ச்சுகீசியக் கல் அடுப்பில் இனிப்பு ரொட்டி சுட்டு விற்கிறார்கள். ஒரு வியாழக்கிழமை ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கல்லா மேஜையைப் பார்த்து நின்றேன். முதல் வாரம் பார்த்திருந்தால் 'எவ்வளவு அழகான பழைய கடை' என்று போட்டோ எடுத்துவிட்டு வந்திருப்பேன். அன்றைக்கு அந்த மேஜையின் இந்தப் பக்கம் நிற்கிறவளுக்கு அது எவ்வளவு உயரமாகத் தெரிந்திருக்கும் என்றுதான் தோன்றியது.

கடைக்கார அம்மாள் தொலைபேசியின் மேல் கை வைத்தாரே, அதன் அர்த்தம் அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. நான் அதை எனக்குக் கொடுத்த சூடு என்று நினைத்து இரண்டு வாரம் புழுங்கிக்கொண்டிருந்தேன். அவரைப் பொறுத்தவரை அது என்னைப் பற்றியதே இல்லையோ என்னவோ. பின்னியவள் விலை சொல்ல வேண்டும், கடை சொல்லக்கூடாது. இந்த இடத்துக்கு வந்து சேர அந்தச் சரிவில் இரண்டு மூன்று தலைமுறை ஆகியிருக்கிறது.

அம்மாவின் பேரம்

ஆனாலும் பேரம் பேசுவதே கேவலம் என்று முடிவுகட்ட என்னால் முடியவில்லை. அப்படிச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்கவும் பிடிக்காது. மாலில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுக் கீரைக்காரியிடம் பேரம் பேசாதே என்று உபதேசம் செய்கிறவர்கள் பெரும்பாலும் கீரை வாங்குவதே இல்லை.

எங்கள் வீட்டுக்குச் சைக்கிளில் கோரைப்பாய் கொண்டுவருபவர் ஒருவர் இருந்தார். அம்மா பாயைத் திண்ணையில் விரிப்பாள். முதலில் உள்ளங்கையால் குறுக்கே ஒரு தடவு. அப்புறம் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்து இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பாள். ஓரத்தில் கோரையை மடித்த இடத்தை நகத்தால் நெருடுவாள். முகர்ந்து பார்ப்பாள். "போன தடவையை விடப் பாவு ரெண்டு இழை குறைச்சிருக்கீங்களே அண்ணே?" என்பாள். அவர் இல்லை என்று சத்தியம் செய்வார். எண்ணிக் காட்டுவாள். அதற்கப்புறம்தான் விலைப் பேச்சு. பேரம் படிந்து மோர் குடித்துவிட்டுப் போகும்போது அவர் முகத்தில் தோற்ற களை இருக்காது. தெருவில் தன் பாயை இவ்வளவு உற்றுப் பார்க்கிறவள் இவள் ஒருத்திதான் என்று அவருக்குத் தெரியும். சும்மா கேட்ட விலைக்கு வாங்கும் எதிர் வீட்டுக்காரிக்கு அவர் எந்தப் பாயைத் தள்ளிவிடுவார் என்று எங்களுக்கும் தெரியும்.

நான் அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டது கடைசி வரியை மட்டும். 'கொஞ்சம் குறைச்சுக்கோங்க.' அதற்கு முன்னால் இருந்த தடவலும் எண்ணலும் முகர்தலும் எனக்கு வரவில்லை. 280-க்கு அந்தத் தொப்பி அதிகமா குறைவா என்று சொல்ல எனக்கு எந்த வழியும் இல்லை. ஆனாலும் 200 என்று ஒரு எண் வாயில் தயாராக இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று இப்போதும் தெரியாது. முள் எடுத்த அன்று சாயங்காலம் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் வேகத்தில் அந்தத் தொப்பிக்கு வேண்டிய ஓலையைத் தயார் செய்வதற்குள் என் விசா முடிந்திருக்கும்.

ஊருக்குக் கிளம்பும் முன் அந்தக் கடைக்கு மறுபடி போனேன். தொப்பி விற்றுவிட்டது. கடைக்கார அம்மாளுக்கு என்னை ஞாபகம் இருந்ததோ இல்லையோ, காட்டிக்கொள்ளவில்லை. வேறு தொப்பிகளை எடுத்து, உச்சியைத் திருப்பி, பிகோவைப் பார்த்தேன். இந்தத் தடவை கொஞ்சம் தெரிந்தது. ஒன்றில் நடுப்பகுதி இறுக்கமாகத் தொடங்கி விளிம்பில் தளர்ந்திருந்தது. இன்னொன்றில் வார் எல்லாம் ஒரே நிறம், ஒரே மரத்து ஓலையாக இருக்க வேண்டும். "யார் பின்னினது?" என்று கேட்டேன். அவர் சொன்னார், கூடவே அந்த வீட்டில் எத்தனை ஹாலா மரம் இருக்கிறது என்பதையும் சொன்னார். 1995-ல் மாவித் தீவின் ஹானாவில் ஒரு செதிள் பூச்சி வந்து, தீவு தீவாக ஹாலாவைக் கெடுத்துக்கொண்டு வருகிறது என்றும், அதனால் இலையையும் செடியையும் இடம் விட்டு இடம் கொண்டுபோகவே பயப்படுகிறார்கள் என்றும் பேச்சு நீண்டது. விலையைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. என்னிடம் மிச்சமிருந்த காசுக்கு ஒரு விசிறிதான் வந்தது. சீட்டில் போட்டிருந்ததைக் கொடுத்தேன்.

ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் அம்மா விசிறியை எடுத்தாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஓரத்தை நகத்தால் நெருடி, வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்து பார்த்தாள். "தாழை," என்றாள். நான் சொல்லவே இல்லை. "நல்ல கை. எவ்வளவு?" உண்மை விலையில் பாதியைச் சொன்னேன். அதற்கே முகத்தைச் சுளித்தாள், ஆனால் கீழே வைக்கவில்லை.

அப்புறம் கைவளையை எடுத்துக் கொடுத்தேன். நான் பின்னியது. முதலில் பின்னியதை நாமே வைத்துக்கொள்ளக்கூடாது, யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று ஆன்ட்டி சொல்லி அனுப்பியிருந்தார். யார் பின்னியது என்று அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் அதையும் சுற்றிச் சுற்றித் தடவினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இங்க ஒரு முள்ளு விட்டுட்டா பாரு. இதுக்கு எவ்வளவு குடுத்த?"

"சும்மாதாம்மா குடுத்தாங்க."

"அதானே பார்த்தேன்" என்றாள் அம்மா.